குழாய்க்குள் ஓடிக்கொண்டே கொதிக்கும் திரவம்: வெப்பப் பரிமாற்றத்தை அளப்பதில் அடிக்கடி வரும் சந்தேகங்கள்

ஃப்ளோ பாயிலிங் ரிக் (குழாயில் ஓடும் திரவத்தைக் கொதிக்கவைத்து அளக்கும் சோதனை அமைப்பு) கட்டுகிறவர்களும் அதன் டேட்டாவை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எண்கள் பேசிக்கொள்ள ஒரே உதாரணம்: 8 மி.மீ. உள்விட்டம், 10 மி.மீ. வெளிவிட்டம், 2 மீட்டர் சூடாகும் நீளம் கொண்ட கிடைமட்டக் குழாய். உள்ளே ஆர்-134ஏ என்ற குளிர்பதனப்பொருள் (ஃப்ரிட்ஜ், ஏ.சி. போன்றவற்றில் ஓடுவது), 10 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது (அழுத்தம் 4.15 பார்). நிறைப்பாயம் (குழாயின் குறுக்குவெட்டு வழியே ஓடும் நிறை) ச.மீட்டருக்கு விநாடிக்கு 200 கிலோ, வெப்பப்பாயம் (உள்சுவர் வழியே திரவத்துக்குப் போகும் வெப்பம்) ச.மீட்டருக்கு 10 கிலோவாட். இதற்கு "நம் குழாய்" என்று பெயர்.

1. பாத்திரத்துல கொதிக்கிறதுக்கும் குழாய்ல ஓடிக்கிட்டே கொதிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் கொதிதானே?

பாத்திரத்தில் குமிழிகள் மட்டுமே வேலை செய்கின்றன. குழாயில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சுவரில் குமிழி பிறந்து வெப்பத்தை எடுத்துப் போவது ஒன்று. வேகமாக ஓடும் திரவப் படலம் வெப்பத்தைக் கடத்த, அதன் மேற்பரப்பிலிருந்து ஆவி கிளம்புவது இன்னொன்று. நுழைவில் திரவமாக வருவது போகப் போக ஆவியாகிறது. ஆவி பெருகப் பெருக ஓட்டம் வேகமெடுக்கிறது, படலம் மெலிகிறது, கடைசியில் படலமே கிழிந்து சுவர் காய்கிறது. அதனால்தான் ஒரே குழாயில் மீட்டருக்கு மீட்டர் வெப்பப் பரிமாற்றக் கெழு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு ச.மீட்டர் சுவர் எத்தனை வாட் கடத்துகிறது என்ற எண்) மாறுகிறது. முழுக் குழாய்க்கும் ஒரே சராசரி எண் கொடுத்தால் அதிலிருந்து இயற்பியல் எதுவும் தெரியாது.

2. வெப்பப் பரிமாற்றக் கெழுவை நேரடியா அளக்கிற கருவி இருக்கா?

இல்லை. மூன்றை அளந்து வகுக்கிறோம். கெழு = வெப்பப்பாயம் ÷ (உள்சுவர் வெப்பநிலை − பூரித வெப்பநிலை). பூரித வெப்பநிலை என்பது அந்த இடத்து அழுத்தத்தில் திரவம் கொதிக்கும் வெப்பநிலை.

தொல்லை முழுவதும் கீழே இருக்கும் அந்தக் கழித்தலில்தான். நம் குழாயில், ஆவிப் பங்கு (ஓடும் நிறையில் ஆவியாகிவிட்ட பகுதி) 0.3 இருக்கும் இடத்தில், கெழு சுமார் 2,700 வாட் (ச.மீட்டருக்கு, டிகிரிக்கு) வரும். அப்படியென்றால் சுவர் கொதிநிலையைவிட 3.7 டிகிரிதான் மேலே இருக்கிறது. அரை டிகிரி தவறினால் கெழுவில் 13 சதவீதத்துக்கு மேல் போய்விடும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த 3.7 டிகிரியைக் காப்பாற்றுவது பற்றித்தான்.

3. பழைய ஏ.சி. கம்ப்ரசர் கைவசம் இருக்கு. அதை வச்சே லூப் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் கம்ப்ரசர் எண்ணெயும் கூடவே ஓடும். எண்ணெய் சேர்ந்தால் பூரித வெப்பநிலை, பாகுநிலை, குமிழி பிறக்கும் விதம் எல்லாமே மாறும். எவ்வளவு எண்ணெய் என்பதையும் தனியாக அளக்க வேண்டும். சுத்தமான குளிர்பதனப்பொருளின் கெழுதான் வேண்டுமென்றால் காந்த இணைப்புள்ள கியர் பம்ப் வாங்குங்கள். எண்ணெயின் விளைவே ஆய்வுப் பொருள் என்றால் மட்டும் கம்ப்ரசர்.

வரிசை இப்படி இருக்கட்டும்: ரிசீவர் (திரவத் தொட்டி), சப்கூலர் (திரவத்தைக் கொதிநிலைக்குக் கீழே குளிர்விப்பது), பம்ப், ஃபில்டர் டிரையர் (தூசும் ஈரமும் நீக்குவது), கோரியாலிஸ் மீட்டர் (நிறை ஓட்டத்தை அளப்பது), த்ராட்டில் வால்வு (ஓட்டத்தை நெரிப்பது), ப்ரீஹீட்டர், சூடாக்காத நேர்க்குழாய், அளவீடு நடக்கும் டெஸ்ட் செக்‌ஷன், சைட் கிளாஸ், கண்டன்சர் (ஆவியைத் திரவமாக்குவது), மறுபடி ரிசீவர். சப்கூலர் பம்புக்கு முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. பூரித நிலைத் திரவம் பம்பின் உறிஞ்சு வாயில் கொஞ்சம் அழுத்தம் இழந்தாலே ஆவியாகிவிடும், பம்ப் கரகரக்கும். கோரியாலிஸ் மீட்டருக்குள் குமிழி போனாலும் காட்டும் எண்ணை நம்ப முடியாது. 5 முதல் 10 டிகிரி வரை சப்கூலிங் வைத்தால் இரண்டும் தீரும்.

4. கரண்ட் விட்டு சூடாக்கறதா, சுடுதண்ணி ஜாக்கெட்டா? எது நல்லது?

ஒவ்வொரு இடத்திலும் கெழு வேண்டுமென்றால் மின்சாரம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயிலேயே நேர்மின்னோட்டம் பாய்ச்சலாம். அல்லது செம்புக் குழாயின் மேல் காப்பிட்ட நிக்ரோம் கம்பியை நெருக்கமாகச் சுற்றலாம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். இவ்வளவு துல்லியமாக வெப்பத்தை வேறு எப்படியும் அளக்க முடியாது. வோல்ட்டை டெஸ்ட் செக்‌ஷனின் முனையிலேயே எடுங்கள். சப்ளையில் எடுத்தால் கேபிளில் வீணாவதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

தண்ணீர் ஜாக்கெட் உண்மையான எவாபரேட்டருக்கு நெருக்கம், சுவர் காய்ந்தாலும் வெப்பநிலை தண்ணீரைத் தாண்டாது என்பதால் பத்திரமும்கூட. ஆனால் நம் குழாயின் 500 வாட்டை விநாடிக்கு 50 கிராம் தண்ணீர் கொண்டுவந்தால் தண்ணீர் குளிர்வது 2.4 டிகிரிதான். இரு முனையிலும் 0.1 டிகிரிப் பிழை இருந்தால் வெப்பத்தில் மட்டுமே 6 சதவீதம் போயிற்று. தண்ணீர்ப் பக்க வெப்பத் தடையை வில்சன் வரைபட முறையில் (1915) பிரித்தெடுக்க வேண்டிய வேலையும் சேரும். அந்தத் தடை பெரிதாக இருந்தால் மிச்சத்தில் கிடைக்கும் கெழு ஆட்டம் காணும்.

மின்சாரம் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். சுவர் காய்ந்த பிறகும் ஹீட்டர் அதே வாட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் வெப்பநிலை எல்லை தாண்டினாலும், பம்ப் நின்றாலும் சப்ளையைத் துண்டிக்கும் ட்ரிப் கட்டாயம்.

5. தெர்மோகப்பிள் வெளிச்சுவர்லதானே ஒட்டுறோம். உள்சுவர் வெப்பநிலை எப்படித் தெரியும்?

தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பிகள் சேரும் சந்தியில் வெப்பநிலையை அளக்கும் சென்சார்) காட்டுவதிலிருந்து கணக்குப் போட்டு இறக்க வேண்டியதுதான். எவ்வளவு என்பது உலோகத்தையும் சூடாக்கும் முறையையும் பொறுத்தது. வெளியே சூடாக்கிய செம்பில் வித்தியாசம் 0.02 டிகிரி, விட்டுவிடலாம். அதே அளவு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெளியே சூடாக்கினால் 0.56 டிகிரி. குழாய்க்குள்ளேயே மின்னோட்டம் பாய்ந்தால் உலோகத்தின் தடிப்பு முழுவதும் வெப்பம் பிறப்பதால் சமன்பாடு வேறு, விடை 0.3 டிகிரி. வெளிச்சூட்டுக்கான மடக்கைச் சமன்பாட்டை மின்னோட்டக் குழாய்க்குப் போட்டு, கெழு கூடுதலாக வந்துவிட்டது என்று மகிழ்வது அடிக்கடி பார்க்கும் தவறு.

ஒட்டுவதில் கவனம்: டி வகை தெர்மோகப்பிளின் சிறப்புத் தரமே ±0.5 டிகிரிதான். அதனால் ஒட்டுமுன் எல்லாவற்றையும் ஒரே வெந்நீர்/குளிர்நீர்த் தொட்டியில், நம்பகமான ஆர்.டி.டி.யோடு (மின்தடை வெப்பமானி) ஒப்பிட்டு 0.1 டிகிரிக்குள் கொண்டுவாருங்கள். அதே டேட்டா லாகர், அதே சேனல். சந்தியிலிருந்து கிளம்பும் கம்பியைச் சில சென்டிமீட்டர் சுவரோடு ஒட்டியபடி படுக்கவைத்துப் பிறகு வெளியே எடுங்கள். நேராக வெளியே இழுத்தால் கம்பி வழியே வெப்பம் கசிந்து சந்தி பொய் சொல்லும். மின்னோட்டக் குழாயில் சந்திக்கும் சுவருக்கும் நடுவே மின்காப்பு வேண்டும். சந்தேகம் இருந்தால் சப்ளையின் துருவத்தை மாற்றிப் பாருங்கள்: அளவீடு தாவினால் மின்னழுத்தம் உள்ளே புகுகிறது.

6. பூரித வெப்பநிலைக்கு ஒரு தெர்மோகப்பிளை ஓட்டத்துக்குள்ள விட்டா போதாதா? எதுக்கு அழுத்தம்?

ஓட்டத்துக்குள் விட்ட முனை ஒரு நேரம் திரவத்தில் நனையும், இன்னொரு நேரம் ஆவியில் நிற்கும்; சுவர் காய்ந்த பகுதியில் அதிவெப்ப ஆவியையே காட்டும். அழுத்தத்தை அளந்து ரெஃப்ப்ராப் அல்லது கூல்ப்ராப் (திரவங்களின் பண்புகளைத் தரும் மென்பொருள்கள்) மூலம் பூரித வெப்பநிலை எடுப்பதே நிலையானது. உள்ளே விட்ட சென்சார் சரிபார்க்க மட்டும் இருக்கட்டும்.

சுவரை மாதக்கணக்கில் அளவுதிருத்தம் செய்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். 10 டிகிரி அருகே ஆர்-134ஏ அழுத்தம் டிகிரிக்கு 14 கிலோபாஸ்கல் மாறும். அதாவது 10 கிலோபாஸ்கல் தவறினால் 0.7 டிகிரி போயிற்று. நம்மிடம் இருப்பதே 3.7. கேஜ் டிரான்ஸ்மிட்டர் (காற்றழுத்தத்துக்கு மேலே உள்ளதை மட்டும் காட்டும் அழுத்தக் கருவி) வைத்துக்கொண்டு கண்ணை மூடி 101.3 கூட்டுகிறவர்கள் கவனிக்க: கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். அந்த ஒரு கூட்டலிலேயே 0.7 டிகிரி போய்விடும். அப்சல்யூட் டிரான்ஸ்மிட்டர் வாங்குங்கள், அல்லது ஆய்வகத்தில் பாரோமீட்டர் வையுங்கள்.

நுழைவு அழுத்தத்தை மட்டும் அளந்து அதையே 2 மீட்டருக்கும் போடாதீர்கள். டிஃபரன்ஷியல் டிரான்ஸ்மிட்டரால் அழுத்த இழப்பை அளந்து, ஒவ்வொரு தெர்மோகப்பிள் நிற்கும் இடத்துக்கும் பங்கிடுங்கள். ஆவிப் பங்கு கூடக்கூட இழப்பும் கூடுவதால் நேர்கோட்டுப் பங்கீடு குறுகிய நீளத்துக்குத்தான் சரிவரும்.

7. ஆவிப் பங்கை எப்படிக் கணக்குப் போடறது? அதை அளக்க மீட்டர் உண்டா?

மீட்டர் தேவையில்லை, ஆற்றல் சமன்பாடு போதும். ப்ரீஹீட்டருக்குள் வருவது சப்கூல் ஆன திரவம் என்பதால் அதன் என்தால்பி (ஒரு கிலோவில் உள்ள வெப்ப ஆற்றலின் அளவு) வெப்பநிலையிலிருந்தே தெரியும். அதோடு ப்ரீஹீட்டர் கொடுத்த வாட்டை ஓட்ட அளவால் வகுத்துக் கூட்டி, பூரிதத் திரவ என்தால்பியைக் கழித்து, ஆவியாதல் வெப்பத்தால் வகுக்க வேண்டும். நம் குழாயில் ஓட்டம் விநாடிக்கு 10.05 கிராம், ஆவியாதல் வெப்பம் கிலோவுக்கு 190.7 கிலோஜூல். 4 டிகிரியில் வரும் திரவத்தை 0.3 ஆவிப் பங்குக்குக் கொண்டுவர ப்ரீஹீட்டர் சுமார் 660 வாட் கொடுக்க வேண்டும். அதன்பின் டெஸ்ட் செக்‌ஷனின் 500 வாட் ஆவிப் பங்கை இன்னும் 0.26 ஏற்றும்.

ஒரு கண்ணி: என்தால்பியின் பூஜ்யம் அட்டவணைக்கு அட்டவணை மாறும். ஒன்றில் 0 டிகிரியில் பூரிதத் திரவத்துக்கு 200 கிலோஜூல், இன்னொன்றில் −40 டிகிரியில் பூஜ்யம். நுழைவு என்தால்பியை ஒரு மென்பொருளிலும் பூரித மதிப்பை அச்சிட்ட அட்டவணையிலும் எடுத்தால் ஆவிப் பங்கு அபத்தமாக வரும்.

8. ரிக் ரெடி. நேரா கொதிக்கவிட்டு ரீடிங் எடுக்கலாமா?

வேண்டாம். மூன்று சோதனைகள் முதலில்.

லூப்பை நிறுத்தி, எல்லாம் அறை வெப்பநிலைக்கு வந்தபின் ரிசீவரின் அழுத்தமும் வெப்பநிலையும் பூரித அட்டவணையோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அழுத்தம் கூடுதலாக இருந்தால் உள்ளே காற்று மிச்சம். மறுபடி வேக்குவம் போட்டு நிரப்ப வேண்டும். இரண்டாவது, ஹீட்டர் எதுவும் போடாமல் திரவத்தை ஓடவிட்டு எல்லாச் சுவர் தெர்மோகப்பிளும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்ப்பது.

மூன்றாவதுதான் முக்கியம்: கொதிக்காத திரவத்தைச் சூடாக்கி, மின்வாட்டும் திரவம் எடுத்துக்கொண்ட வாட்டும் 2–3 சதவீதத்துக்குள் பொருந்துகிறதா, கெழு, கொதிக்காத ஓட்டத்துக்கான க்னீலின்ஸ்கி (1976) சமன்பாட்டோடு 10 சதவீதத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்று சொல்லும் எண்) 10,000-க்குக் கீழே, அதே வேலைக்கான டிட்டஸ்–போல்டர் சமன்பாட்டோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள்; அது அந்த எல்லைக்கு உரியதல்ல. இதிலேயே பொருந்தாத ரிக் கொதியில் மட்டும் பொருந்திவிடாது.

இன்னொன்று, 10 டிகிரிக் குழாய் வெப்பத்தை இழக்காது, அறையிலிருந்து வாங்கும். 25 மி.மீ. நைட்ரைல் ரப்பர் காப்பு போட்டு அறை 30 டிகிரியில் இருந்தால் சுமார் 5 வாட் உள்ளே வரும். 500 வாட்டில் அது 1 சதவீதம், 100 வாட்டில் 5. குறியை மாற்றிப் போடாதீர்கள். சென்னை மாதிரி ஈரக்காற்றில் காப்பின் இணைப்புகளைப் பசை போட்டு மூடவில்லையென்றால் உள்ளே நீர் கோத்துக் காப்பு பயனற்றுப் போகும்.

9. மேல் தெர்மோகப்பிள் மட்டும் கூடுதலா காட்டுது. கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. கிடைமட்டக் குழாயில் ஓட்டம் மெதுவானால் திரவம் அடியில் தங்கிவிடும், மேல்சுவர் ஆவியை மட்டும் பார்க்கும். இதைச் சொல்வது ஃப்ரௌட் எண் (ஓட்டத்தின் வேகத்தைப் புவியீர்ப்போடு ஒப்பிடும் எண்). ஷாவும் காந்த்லிகரும் தங்கள் கெழுச் சமன்பாடுகளில் (13-ஆம் பதில்) வைத்த எல்லை 0.04. நம் குழாயில் அது 0.32, நிறைப்பாயத்தை 50 ஆகக் குறைத்தால் 0.02, திரவமும் ஆவியும் அடுக்காகப் பிரிந்துவிடும். 8-ஆம் பதிலின் இரண்டாவது சோதனையில் அதே தெர்மோகப்பிள் மற்றவற்றோடு ஒத்துப்போயிருந்தால் சென்சார் மேல் பழி போடாதீர்கள்.

இப்போது சராசரி எப்படி என்ற கேள்வி வரும். மேலே 6, பக்கங்களில் 2.5, அடியில் 2 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். வெப்பநிலை வித்தியாசங்களைச் சராசரி எடுத்து வகுத்தால் கெழு 3,077. நான்கு கெழுக்களையும் தனித்தனியே போட்டுச் சராசரி எடுத்தால் 3,667. ஒரே டேட்டா, 19 சதவீத வித்தியாசம். முதல் முறையே பரவலானது. எதை எடுத்தாலும் எழுதிவையுங்கள். தவிர, செம்புச் சுவர் வெப்பத்தைச் சுற்றிலும் பரப்பிவிடுவதால் மேலும் கீழும் ஒரே வெப்பப்பாயம் என்ற அனுமானமே அங்கு நிற்காது.

10. ரீடிங் ஆடிக்கிட்டே இருக்கு. எப்பதான் நிலைக்கு வந்ததுன்னு எடுத்துக்கறது?

கொதியில் சிறு ஆட்டம் இயல்பு. பத்து நிமிடம் சராசரி நகராமல் இருந்தால், அதன்பின் ஐந்து நிமிடம் விநாடிக்கு ஒன்றாகப் பதிவு செய்து சராசரி எடுங்கள். ஓட்டமும் அழுத்தமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் அது வேறு நோய்: ஓட்ட நிலையின்மை. டெஸ்ட் செக்‌ஷனுக்கு முன்னால் உள்ள த்ராட்டில் வால்வைக் கொஞ்சம் மூடி, அதில் விழும் அழுத்தத்தைக் கூட்டுங்கள்; பம்ப் வேகத்தை அதற்கேற்ப ஏற்றுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வால்வுக்கும் டெஸ்ட் செக்‌ஷனுக்கும் நடுவே எங்காவது ஆவி தேங்கும் பை இருக்கிறதா என்று தேடுங்கள்.

11. கெழு மைனஸ்ல வருது! இன்னொரு பாயின்ட்ல 40,000 வருது. என்ன தப்பு?

நம் குழாயில் 40,000 என்றால் வெப்பநிலை வித்தியாசம் கால் டிகிரி. மைனஸ் என்றால் சுவர் திரவத்தைவிடக் குளிர்ந்திருக்கிறதாம். இரண்டும் ஒரே நோயின் இரு முகம்: 2-ஆம் பதிலில் சொன்ன கழித்தல் கெட்டிருக்கிறது. முதலில் அழுத்தத்தைப் பாருங்கள் (கேஜ், நுழைவு அழுத்தம்: 6-ஆம் பதில்). அடுத்து உள்சுவர்த் திருத்தம் இரண்டு முறை கழிக்கப்பட்டதா பாருங்கள். லாகரில் ஒரு முறை, ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு முறை என்பது நடக்கிற கதைதான். எலக்ட்ரோடு கிளாம்ப்பை ஒட்டிய தெர்மோகப்பிள் என்றால் அந்த இடத்தையே கைவிடுங்கள். கனமான செம்புக் கிளாம்ப் வெப்பத்தை உறிஞ்சும்.

ஆவிப் பங்கு பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் திரவம் இன்னும் பூரித வெப்பநிலைக்கு வரவில்லை. அங்கே எந்த வெப்பநிலையைக் கழித்தீர்கள் என்று சொல்லாத கெழுவை யாராலும் பயன்படுத்த முடியாது.

12. குமிழியா, படலமா, எது வெப்பத்தை எடுக்குதுன்னு டேட்டாவைப் பாத்து சொல்ல முடியுமா?

ஆவிப் பங்குக்கு எதிராகக் கெழுவை வரையுங்கள். முதலில் நிறைப்பாயத்தைப் பிடித்துக்கொண்டு வெப்பப்பாயத்தை மாற்றி, பிறகு அதைத் தலைகீழாக. வெப்பப்பாயத்துக்கு ஏற்பக் கோடுகள் பிரிந்து, ஆவிப் பங்கோடு தட்டையாகப் போனால் குமிழியின் கை ஓங்கியிருக்கிறது. ஆவிப் பங்கோடு ஏறி, நிறைப்பாயத்துக்கு ஏற்பப் பிரிந்து, வெப்பப்பாயம் மாறியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் படலம். ஒரே குழாயில் முன்பாதி ஒன்றும் பின்பாதி இன்னொன்றுமாக வருவது சகஜம்.

உயர்ந்த ஆவிப் பங்கில் கெழு சட்டென்று சரிந்தால் ட்ரைஅவுட். மிச்சமுள்ள திரவம் துளிகளாக ஆவியோடு பறக்கிறது. சூடான தோசைக்கல்லில் தெளித்த நீர் உருண்டோடுவதுபோல அவை சுவரை நனைக்காமலே போகும். சரிவு மெதுவாக இருந்தால் மேல்சுவர் முதலில் காய்ந்து அடிச்சுவர் பின்னால் காய்கிறது என்று பொருள். நான்கு தெர்மோகப்பிளையும் தனித்தனியே வரைந்தால் கண்ணெதிரே தெரியும்.

13. எந்த கோரிலேஷனோட ஒப்பிடறது? எல்லாரும் சென் சொல்றாங்களே?

கோரிலேஷன் என்பது டேட்டாவுக்குப் பொருத்தி எழுதிய சமன்பாடு. அவற்றில் சென் (1966) அடித்தளம்: குமிழிப் பங்கை அமுக்கும் ஒரு காரணி, ஓட்டப் பங்கைப் பெருக்கும் ஒரு காரணி, இரண்டின் கூட்டல். ஆனால் அது எழுந்தது செங்குத்துக் குழாயில் நீரும் கரிமத் திரவங்களும் கொதித்த டேட்டாவிலிருந்து. கிடைமட்டக் குழாயில் குளிர்பதனப்பொருள் என்றால் ஷா (1982), காந்த்லிகர் (1990), லியூ–விண்டர்டன் (1991) மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

2-ஆம் பதிலின் 2,700 லியூ–விண்டர்டனில் வந்ததுதான். கூப்பர் (1984) சமன்பாட்டில் பாத்திரக் கொதிக்கெழு சுமார் 1,990, அமுக்கியபின் 1,580. எல்லாமே திரவமாக ஓடினால் வரும் கெழு 494, பெருக்கியபின் 2,170. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,690. கையால் ஒரு புள்ளியாவது இப்படிப் போட்டுப் பார்க்காமல் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை நம்பாதீர்கள். ஒப்பீட்டில் சராசரி விலகலோடு, ±30 சதவீதத்துக்குள் எத்தனை புள்ளி விழுந்தது என்பதையும் கொடுங்கள். ட்ரைஅவுட்டுக்குப் பிந்திய புள்ளிகளை முதலிலேயே பிரித்துவிடுங்கள். அவற்றுக்கு இந்தச் சமன்பாடுகள் எழுதப்படவில்லை.

14. பிழை வரம்பு 5 சதவீதம்னு ஒரே வரியில போட்டா ஒத்துக்குவாங்களா?

ஒரு புள்ளிக்கு 5 சரியாக இருக்கலாம், அடுத்த புள்ளிக்கு 20 ஆகலாம். சுவரில் 0.1, பூரித வெப்பநிலையில் 0.14 டிகிரி என்றால், வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், வித்தியாசத்தில் 0.17. வெப்பப்பாயத்தில் 2 சதவீதம் சேர்த்தால் நம் குழாயில் 5 சதவீதம். அதே குழாயில் வெப்பப்பாயத்தை 2 கிலோவாட்டுக்கு இறக்கினால் வித்தியாசம் 0.9 டிகிரியாகச் சுருங்கும்; பிழை 19 சதவீதம். இன்னும் நூறு முறை ரீடிங் எடுத்தாலும் அளவுதிருத்தத்தில் இருக்கும் நிலையான பிழை குறையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே பிழைக்கோடு போடுங்கள்.

15. வெப்பப்பாயத்தை ஏத்தும்போது ஒரு கோடு, இறக்கும்போது வேற கோடு. எதை எடுக்கறது?

ஏற்றும்போது சுவரின் நுண்குழிகள் இன்னும் விழித்திருக்காது. கொதி தொடங்கும் முன் சுவர் அளவுக்கு மீறிச் சூடாகி, குமிழி பிறந்ததும் சட்டென்று இறங்கும். இறக்கும்போது அதே குழிகளில் ஆவி மிச்சமிருப்பதால் கொதி எளிதில் அணையாது. இரண்டுமே உண்மை. எவாபரேட்டர் வடிவமைப்புக்கு இறங்குமுகக் கோடு வசதி, ஏனெனில் அது திரும்ப எடுத்தாலும் அதே இடத்தில் வரும். கொதி தொடங்கும் புள்ளி வேண்டுமென்றால் ஏறுமுகம்தான்.

16. ஆர்-407சி மாதிரி கலவைக்கும் இதே கணக்குதானா? 1 மி.மீ. குழாய்க்கும்?

கலவைக்கு 6-ஆம் பதிலை மாற்ற வேண்டும். ஆர்-407சி ஒரே அழுத்தத்திலேயே கொதிக்கத் தொடங்கி முடிவதற்குள் 5–6 டிகிரி ஏறும். அழுத்தத்தோடு அந்த இடத்து என்தால்பியையும் கொடுத்துத்தான் வெப்பநிலை எடுக்க வேண்டும். 7-ஆம் பதிலின் ஆற்றல் கணக்கில் வரும் பிழை இனி நேராகக் கெழுவுக்குள் புகும். ஆர்-410ஏ-வில் இந்த ஏற்றம் 0.1 டிகிரி அளவுதான் என்பதால் சுத்தப்பொருள்போலவே நடத்தலாம்.

சிறு குழாயில் குமிழி வளர இடமின்றி நெரிபடும். கியூ–கார்ன்வெல் (1997) வைத்த நெருக்க எண் (குமிழியின் இயல்பான அளவைக் குழாய் விட்டத்தோடு ஒப்பிடும் எண்) 0.5-ஐத் தாண்டும் இடம் ஆர்-134ஏ-வுக்கு 10 டிகிரியில் சுமார் 1.8 மி.மீ. விட்டம். அதற்குக் கீழே 13-ஆம் பதிலின் சமன்பாடுகளை அப்படியே போடாதீர்கள். அழுத்த இழப்பும் கடுமையாக ஏறுவதால், குழாயின் நீளத்தில் பூரித வெப்பநிலையே பல டிகிரி விழலாம். அங்கே டிஃபரன்ஷியல் டிரான்ஸ்மிட்டர் இல்லாமல் எடுத்த டேட்டாவைப் பின்னால் திருத்தவே முடியாது.